சத்தம் புகாத வீடு

அக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் வெள்ளியோடை எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தேன். கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் இன்னும் மேலே ஏற வேண்டும். ஸ்வெட்டருக்குள்ளும் குளிர்கிறது.

நாங்கள் கட்டப்போவது ஒரு பிள்ளைக் காப்பகம். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைக் காலையில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது இருப்பது ஒரு தகரக் கொட்டகை. போய்ப் பார்த்தேன். நடுவில் கரி அடுப்பு, சுற்றிலும் தொட்டில்கள். அடுப்பை மூட்டினால் புகை, அணைத்தால் குளிர். பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறவள் மரியபுஷ்பம். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வாயைத் திறக்காமல் முணுமுணுவென்று பேசுகிறாள். இந்த மலைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் போலிருக்கிறது. இரண்டாவது தடவை கேட்டால்தான் புரிகிறது.

"மரத்துல வீடுங்கிறீங்க. அடுப்பும் கிடையாதுங்கிறீங்க. அப்ப சூடு எங்கருந்துக்கா வரும்?"

"பிள்ளைங்க ஒடம்புலருந்துதான்" என்றேன். எங்கள் எஞ்சினியர் நிவேதன் தம்பி எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். உள்ளே உண்டாகிற சூடு வெளியே போகாவிட்டால் அதுவே போதுமாம். அவள் சிரித்துவிட்டாள்.

எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. கோவைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கம்பெனி முதலில் பேக்கிங் பெட்டி செய்தது, அப்புறம் வீட்டுச் சுவர் செய்ய ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம் அங்கே மரச்சட்டத்தில் ஆணி அடித்திருக்கிறேன். சுவர் சுவராக லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒரு வீடு நின்று முடிந்ததும் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்தத் தடவைதான் என்னைத் தலைமை ஆளாகப் போட்டு சைட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பார்த்துவிட வேண்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

காயப்போட்ட புடவை காயவே இல்லை. ஈரத்தோடு மடித்து வைத்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

சுவர்கள் வந்துவிட்டன. ஆனால் நீளமான பேனலை ஏற்றி வந்த லாரி கொண்டை ஊசி வளைவில் மாட்டிக்கொண்டது. முன்னால் போனால் பாறை, பின்னால் போனால் பள்ளம். டிரைவர் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து ஒடித்துத் திருப்பினார். நான் இறங்கிப் பேனலின் முனையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பாறைக்கும் பேனலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவுதான் இடம் இருந்தது. அந்தப் பேனலில் ஜன்னல்கூடக் கம்பெனிச் செட்டிலேயே பொருத்தியிருந்தோம். கீறல்கூட விழாமல் வந்தது.

பின்னால் நின்ற பஸ் விடாமல் ஹாரன் அடித்ததில் தலை வலிக்கிறது என்று நிவேதன் எரிந்து விழுந்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆணித் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவளுக்கு ஒரு ஹாரன் எல்லாம் ஒரு சத்தமா?

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் வெறும் சிமெண்டுத் தளமாக இருந்த இடத்தில் சாயங்காலம் ஒரு வீடு நிற்கிறது. நானே செய்த சுவர்கள்தான், ஆனாலும் ஆச்சரியமாக இருக்கிறது. செட்டில் படுக்கவைத்துத்தான் அடிப்போம். எழுந்து நின்றதும் வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

கிரேன் ஓட்டுகிறவர் மேட்டுப்பாளையத்துக்காரர், அப்பாஸ் அண்ணன். பெல்ட் போட்டுத் தூக்கினார் என்றால் பேனல் கோயில் தேர் மாதிரி அசைந்து வரும். எங்கள் கம்பெனிப் பையன் குமரவேல் கீழே நின்று விசில் ஊதுவான். ஒரு விசில் என்றால் தூக்கு, இரண்டு என்றால் எல்லாரும் விலகு.

நான் தளத்தில் மார்க் பண்ணிக்கொண்டிருந்தேன். திடீரென்று குமரவேல் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தான். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. திரும்பிப் பார்த்தால், நான் குனிந்திருந்த இடத்துக்கு மேலே தெற்குச் சுவர் சுழன்றுகொண்டிருந்தது.

"ரெண்டு தடவ ஊதுனேங்க்கா! கேக்கலீங்களா?"

"காத்து அந்தப் பக்கமா அடிக்குதுடா" என்றேன்.

காற்று உண்மையிலேயே அடித்தது. ஆனாலும் அப்படியா ஒரு ஆளை இழுப்பான்? முரட்டுப் பயல்.

அக்டோபர் 16, வியாழன்

மகள் கனிஷ்கா காலேஜிலிருந்து போன் செய்தாள். பாதி புரியவில்லை. டவர் கிடைக்காத ஊர் இது. ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டு, "சரி கண்ணு, சரி கண்ணு" என்றேன். பிறகு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்: "நான் கேட்டது நீ எப்ப வருவேன்னு. அதுக்கு எதுக்கும்மா சரிங்கற?"

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி, சோமனூர்

வீட்டில் இரண்டு நாள். என் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளித்தார். தறி ஓடுகிற வீட்டில் எல்லாருமே கத்தித்தான் பேசுவோம், அதனால் நிம்மதியாக இருந்தது. கனிஷ்காதான் என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷம் பட்டாசுச் சத்தமும் குறைவு. கட்டுப்பாடு போட்டதும் நல்லதுதான்.

அக்டோபர் 27, திங்கள்

இன்று சுவருக்குள் அடைப்பு நிரப்பினோம். பழைய செய்தித்தாளை அரைத்துப் பூச்சியும் தீயும் பிடிக்காமல் மருந்து கலந்து, பஞ்சு மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். அதைக் குழாய் வைத்துச் சுவரின் ஓட்டைக்குள் ஊதினோம். கை வைத்துப் பார்த்தால் பலகைக்குப் பின்னால் அது ஏறுவது தெரிகிறது. கீழே கெட்டி, மேலே வெற்று. கொஞ்ச நேரத்தில் மேலேயும் கெட்டி.

மரியபுஷ்பம் ஒரு கை அள்ளிப் பார்த்தாள். "பேப்பரா? இதுவாக்கா குளிர நிறுத்தப் போகுது?"

எனக்கு முன்னால் அப்பாஸ் அண்ணன் பதில் சொன்னார். "விடியக்காலம் பைக்ல மலையேறினா சட்டைக்குள்ள பேப்பர்தானே வெச்சுக்கிறோம்? அதேதான்."

அவள் அந்தப் பஞ்சைக் கையில் அமுக்கிப் பார்த்தாள். "அப்ப வீட்டுக்கு சட்டை போட்டு உள்ள பேப்பர் வெக்கிறீங்க." பிறகு ஏதோ சொல்லிவிட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன். என்னவென்று நாளைக்குக் குமரவேலிடம் கேட்க வேண்டும்.

நவம்பர் 5, புதன்

இன்றைக்குக் காற்றுச் சோதனை. வாசலில் கதவுக்குப் பதிலாகச் சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டி, நடுவில் பெரிய விசிறியை வைத்தார்கள். அது வீட்டுக்குள் இருக்கிற காற்றை வெளியே உறிஞ்சும். சுவரில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளிக்காற்று உள்ளே பாயும். கம்ப்யூட்டரில் ஓர் எண் வரும். குறைவாக வந்தால் வீடு இறுக்கம். இந்தச் சோதனையில் வீடு பாஸானால்தான் எஸ்டேட்காரர்கள் அடுத்த கட்டடத்துக்குச் சரி சொல்வார்கள்.

எங்களுக்கு வர வேண்டிய எண்ணைப்போல மூன்று மடங்கு வந்தது.

நிவேதனின் முகம் செத்துப்போயிற்று. எனக்கோ, உண்மையைச் சொன்னால், கோபம் வரவில்லை, ஆர்வம்தான் வந்தது. இத்தனை டேப் ஒட்டி, இத்தனை ரப்பர் வைத்து, எந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது இந்தக் காற்று? ஆளுக்கொரு ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு சுவர் சுவராகப் போனோம். ஜன்னல் ஓரம் புகை நேராக நின்றது. மூலைகளிலும் நேராகத்தான் நின்றது. வீடு முழுக்க ஊதுபத்தி வாசம், ஏதோ கிரகப்பிரவேசம் மாதிரி.

"ஷ்!" என்றான் நிவேதன். "விசில் கேக்குது."

எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வலது பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

நானும் திருப்பினேன்.

"கேக்குதில்லக்கா?"

"கேக்குது, கேக்குது."

எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். விசிறியை நிறுத்தியதும், வெளியே ஏதாவது இருக்கிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் ஜன்னல் வழியாக இறங்கிப்போனேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நவம்பர் 6, வியாழன்

கண்டுபிடித்துவிட்டார்கள். குளியலறையில் தண்ணீர்க் குழாய் உள்ளே வருகிற துளை. வெளிப்பலகை சரியாக இருந்தது. உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால், பிளம்பர் பெரிதாகத் துளைத்துவிட்டு ஒரு மூடியைப் போட்டு மறைத்திருந்தான். ரப்பர் வளையம் போட்டு டேப் ஒட்டினோம். மறுபடி விசிறியை ஓடவிட்டார்கள். பாஸ். நிவேதன் எல்லாருக்கும் வர்க்கி வாங்கிவந்தான்.

காலையில் குளிக்கும்போது காதுக்குப் பக்கத்தில் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். வலது காது, பிறகு இடது. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது.

நவம்பர் 12, புதன்

மழை. நல்ல வேளை, கூரை போட்டாயிற்று. உள்ளே உட்கார்ந்து தரைப்பலகை பொருத்தினேன். இந்த வீட்டைப்பற்றி எனக்கு ரொம்பப் பிடித்தது அமைதிதான். வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, கண்ணாடியில் வழிகிறது, உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. நாம் செய்த சுவர் மழையைக்கூட வாயடைக்கவைத்துவிட்டதே என்று பெருமையாக இருந்தது.

மரியபுஷ்பம் டீ கொண்டுவந்தாள். "என்னக்கா இது, கூரை மேல கொள்ளு வறுக்கிற மாதிரி சத்தம்! பிள்ளைங்க தூங்குமா?"

நான் டீயை வாங்கிக்கொண்டேன். சர்க்கரை அதிகம்.

நவம்பர் 14, வெள்ளி

நிவேதன் ஓர் இயந்திரத்தைப் பரணில் மாட்டினான். காற்றுப் புகாத வீட்டில் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டாதா என்று மரியபுஷ்பம் கேட்டதற்கு இதுதான் பதில். உள்ளே இருக்கிற அழுக்குக் காற்று வெளியே போகும்போது, உள்ளே வருகிற குளிர்காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போகுமாம். இரண்டும் கலக்காது, நடுவே மெல்லிய தகடு. வாசலில் இரண்டு பேர் நின்று போர்வையை மட்டும் கைமாற்றிக்கொள்கிற மாதிரி. வெகுநேரம் அதன் வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி, கையில் வெதுவெதுப்பு.

"ஓடுறது தெரியவே மாட்டேங்குதேப்பா. அவ்வளவு அமைதி" என்றேன்.

நிவேதன் என்னைப் பார்த்தான். "கொஞ்சம் கீச்சுனு கத்துதேக்கா, எண்ணெய் போடணும்" என்றான்.

நவம்பர் 24, திங்கள்

பிள்ளைகள் வந்துவிட்டன. இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

முதலில் நல்லதை எழுதுகிறேன். காலையில் அம்மாக்கள் சால்வையோடு வந்து பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். அப்போது உள்ளே கொஞ்சம் குளிராகத்தான் இருந்தது. சூரியன் தெற்கு ஜன்னலில் விழுந்தது. பிள்ளைகள் மூச்சு விட்டன, மரியபுஷ்பம் நடமாடினாள், பால் காய்ச்சினாள். பத்து மணிக்கு வெளியே பன்னிரண்டு டிகிரி, உள்ளே இருபது. அடுப்பு இல்லை, புகை இல்லை. ஒரு பிள்ளை காலை உதறிக் கம்பளியைத் தள்ளிவிட்டது. பழைய கொட்டகையில் அப்படி ஒரு பிள்ளை செய்து அவள் பார்த்ததே இல்லையாம். அவள் கண் கலங்கிவிட்டது. நானும் நம்பிவிட்டேன்.

மத்தியானம் அவள் எஸ்டேட் ஆபீஸ்வரை போக வேண்டியிருந்தது. "ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்குங்கக்கா, எல்லாம் தூங்குது" என்றாள். நான் முன் அறையில் ஜன்னல் விளிம்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூங்கும் அறைக் கதவு திறந்துதான் இருந்தது, என் முதுகுப் பக்கம். அவ்வளவு அமைதி. வேலை நன்றாக ஓடியது.

நிமிர்ந்தபோது மரியபுஷ்பம் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஏழு மாதப் பிள்ளை, பேர் ஜோவிதா. தொட்டில் சேலையில் கால் முறுக்கிக்கொண்டு தலைகீழாகச் சரிந்து கிடந்திருக்கிறது. முகம் கருஞ்சிவப்பு. கத்திக் கத்தித் தொண்டை அடைத்து விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. காலைச் சுற்றிச் சேலை பதிந்த கோடு. மரியபுஷ்பம் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். கூட இரண்டு பிள்ளைகள் எழுந்து அழுதன. வாய் திறந்து மூடுவது எனக்குத் தெரிந்தது.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எஸ்டேட் நர்ஸ் பார்த்துவிட்டார்.

மரியபுஷ்பம் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு என் எதிரே வந்து, முகத்துக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"அக்கா. உங்களுக்குக் காது கேக்காதா?"

அவள் முணுமுணுக்கிறவள் இல்லை. இப்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 25, செவ்வாய்

அடுத்த கட்டடத்துக்குப் பேனல் நாளை வருகிறது. மறுபடியும் கிரேன் வரும், விசில் ஊதுவார்கள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. டீ நேரத்தில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. "சின்னச் சத்தமெல்லாம் விட்டுப்போச்சு தம்பி, விசிலு, மழை, பிள்ளை அழுகறது" என்கிற மாதிரி.

நிவேதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "அப்ப நாளைக்கு நீங்க கிரேனுக்குக் கீழ நிக்க வேண்டாங்க்கா. குமரவேல் பாத்துக்கட்டும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். இருந்தாலும் சுருக்கென்றது. தலைமை ஆள் என்று வந்தவள் நான்.

அப்பாஸ் அண்ணன் டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு மொத நாளே தெரியும் தங்கச்சி. அதுக்கப்புறம் நீங்க கீழ நின்னா, நீங்க நிமிந்து பாக்கிற வரைக்கும் நான் எறக்க மாட்டேன்."

"ஏனுங்ணா சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

குமரவேலிடம், அன்றைக்கு இழுத்ததற்கு நன்றி என்று சொன்னேன். அவனுக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

நவம்பர் 26, புதன்

உள்ளே இருந்துகொண்டு டேப் ஒட்டினேன். ஜன்னல் வழியாகச் சுவர்கள் எழுவதைப் பார்த்தேன்.

டிசம்பர் 3, புதன், கோயமுத்தூர்

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். கனமான கதவு, சுவரெல்லாம் மெத்தை. பழக்கதோஷம், கதவின் ரப்பரைத் தடவிப் பார்த்தேன், நன்றாக அடைத்திருக்கிறார்கள். காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். முதலில் அழுத்தினேன். பிறகு ரொம்ப நேரம் அழுத்தவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். தடிச் சத்தங்களில் கோடு மேலேயே போகிறது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் வருகிற இடத்தில் பள்ளத்தில் விழுந்துவிடுகிறது.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன்.

"காதுக்கு ஏதாவது போட்டுக்குவீங்களா?"

கம்பெனியில் காது மூடி கொடுத்திருந்தார்கள். போட்டால் வேர்க்கும், சூப்பர்வைசர் கூப்பிடுவதும் கேட்காது. எல்லாருமே கழுத்தில்தான் தொங்கவிட்டிருப்போம். போனது திரும்ப வராது, இருப்பதை வைத்துக்கொண்டு மெஷின் மாட்டலாம் என்றார் டாக்டரம்மா. அவர் இன்னொன்றும் கேட்டார். அதுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் மண்டையைக் குடைந்தது.

"உங்ககூட அந்த ஷெட்ல எத்தன பேர் நிக்கறாங்க?"

டிசம்பர் 12, வெள்ளி

காது மெஷின் வந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்புத் தேய்கிற சத்தம், பாத்திரம், பல்லி, என் புடவையே சரசரவென்றது. கனிஷ்கா போனில் பேசினாள். டவர் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் குரல் கொஞ்சம் மாறியிருக்கிறது, பெரிய பெண் குரல். எப்போது மாறிற்று?

டிசம்பர் 15, திங்கள்

கம்பெனிக்குப் போனேன். மெஷினோடு செட்டுக்குள் நுழைந்தேன். எப்படி இருக்கிறது பார்ப்போம் என்கிற ஆசைதான்.

அறுப்பு மெஷின், நாலு ஆணித் துப்பாக்கி, காற்றுக் கம்ப்ரெஸர். மண்டையைப் பிளந்தது. பல்லில் கூசியது. இதற்குள்தான் பன்னிரண்டு வருஷம் நின்று, மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். கையால் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றேன். ஒருத்தரும் திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை.

தூணில் இருந்த சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டேன்.

எல்லாம் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார், பின்னாலேயே நிவேதன்.

"என்னாச்சு தெய்வானை? யாருக்காச்சும் அடிபட்டுருச்சா?"

என்னையும் மீறி வாய் வந்துவிட்டது. "ஏனுங்க, சுவத்துல மயிரிழை ஓட்டை இருந்தாக் கண்டுபிடிக்க விசிறி வெச்சிருக்கறோம், கம்ப்யூட்டர் வெச்சிருக்கறோம். நாங்க நிக்கற எடத்துல எவ்வளவு சத்தம்னு ஒரு நாளாச்சும் அளந்திருக்கறோமுங்களா?"

அவர் நிவேதனைப் பார்த்தார். நிவேதன் எங்கிருந்தோ ஒரு கையளவு மீட்டரை வாங்கிவந்து, மெஷின்களை ஓடவிட்டு, நாங்கள் நிற்கிற இடத்தில் பிடித்தான். எண்ணைப் பார்த்துவிட்டு மீட்டரைத் தட்டினான். மறுபடி பிடித்தான். அப்புறம் முதலாளியிடம் காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னைக்கு செட்டு ஓட வேண்டாம்" என்றார்.

டிசம்பர் 17, புதன்

கம்பெனி வேன் ஏற்பாடாகியிருக்கிறது. ஆணி செட்டில் இருக்கிற எல்லாருக்கும் காது பரிசோதனை. அறுப்பு மெஷினைத் தனி அறைக்குள் அடைக்கப்போகிறார்களாம். அதற்குச் சுவர் செய்கிற வேலை எனக்கு. உள்ளே பேப்பர் அடைப்பதா வேறு ஏதாவதா என்று இன்னும் முடிவாகவில்லை. நானும் நிவேதனும் இரண்டு துண்டுச் சுவர் செய்து பார்க்கப்போகிறோம்.

காலையில் எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள், வசந்தாமணி ஒருத்தியைத் தவிர. என் பக்கத்து மேஜையில் அத்தனை வருஷமும் நின்றவள். கேட்டுக்குப் பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வாடி, நேரமாகுது" என்றேன், சாதாரணக் குரலில்.

அவள் திரும்பவே இல்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டு மறுபடி சொன்னேன்.

"நான் எதுக்கு வரோணும்? எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றாள் வசந்தாமணி, என் உதட்டையே பார்த்துக்கொண்டு.